ஓய்வுக்கு உரிய இடம்

உடல்நலம் பேணுவது பற்றிய அறிவுரைகளில் உணவு, உடற்பயிற்சி, மருந்து ஆகிய மூன்றும் தனித்தனி இடம் பெறுகின்றன. ஓய்வோ பெரும்பாலும், நோய் வந்த பிறகு மருத்துவர் எழுதித்தரும் சீட்டின் கடைசி வரியில் மட்டுமே தலைகாட்டுகிறது. வேலை, பயணம், சமையல், பிள்ளைகளின் படிப்பு, கைபேசி ஆகியவை எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் நேரமே ஓய்வு நேரம் என்று குடும்பங்களும் நிறுவனங்களும் கணக்கிடுவதால், எதுவும் மிஞ்சாத நாளில் ஓய்வும் இல்லாமற்போகிறது. ஆனால் மனித உடலை ஆராய்ந்தவர்கள் கடந்த நூறாண்டுகளில் கண்டறிந்தவை, ஓய்வு நேரத்திலும் உடல் சும்மா இருப்பதில்லை என்பதையும், விழித்து இயங்கும்போது செய்ய முடியாத பல சீரமைப்புப் பணிகளை அது அப்போதுதான் முடித்துக்கொள்கிறது என்பதையும் காட்டுகின்றன. எனவே ஒரு நாளின் நேரத்தைப் பங்கிடும்போது ஓய்வுக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு, மற்ற வேலைகளை அதற்கேற்ப அமைத்துக்கொள்வதே நலவாழ்வுக்கு உகந்த முறையாகிறது. அப்படி இடம் ஒதுக்குவது தனிமனிதரின் மன உறுதியால் மட்டும் கைகூடுவதன்று. வீட்டில் வேலை எவ்வாறு பங்கிடப்படுகிறது, பணியிடத்தில் என்ன விதி இருக்கிறது, நாட்டின் சட்டம் எதை வற்புறுத்துகிறது என்பவற்றைப் பொறுத்தே ஒருவருக்குக் கிடைக்கும் ஓய்வின் அளவு அமைகிறது.

ஓய்வும் சோம்பலும்

தமிழ் அறநூல் மரபு சோம்பலைக் கடுமையாகக் கண்டித்துள்ளது. திருக்குறளின் 61ஆம் அதிகாரமாகிய மடியின்மை, காலம் தாழ்த்துதல், மறதி, சோம்பல் ஆகியவற்றோடு உறக்கத்தையும் சேர்த்து, கெட்டழிவோர் விரும்பி மேற்கொள்பவையாக எண்ணுகிறது. இந்தக் கண்டனம், செயலாற்ற வேண்டிய நேரத்தில் உறங்கிக் கிடப்போரை நோக்கியதே அன்றி, உழைத்தவர் இரவில் கொள்ளும் உறக்கத்தை நோக்கியதன்று. எனினும், பகலில் சற்றுக் கண்ணயர்ந்தவரையும் விடுமுறை நாளில் வெறுமனே உட்கார்ந்திருப்பவரையும் சோம்பேறி என்று சொல்லிவிடும் வழக்கம் வீடுகளில் இன்னும் மாறவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது: செய்ய இயன்றதைச் செய்யாமல் தள்ளிப்போடுவது சோம்பல், செய்யும் ஆற்றலை மீட்டுக்கொள்வது ஓய்வு. ஓய்வு போதாதவருக்குக் கவனம் சிதறுவதாலும், முடிவெடுக்கும் வேகம் குறைவதாலும், எடுத்த வேலை இழுபடுவதாலும், வெளியே சோம்பலாகத் தெரிவது பல வேளைகளில் தீராத களைப்பாகவே இருக்கிறது.

ஓய்வு ஒரே வகையானதும் அன்று. இரவு உறக்கம், வேலைக்கு நடுவே கொள்ளும் சிறு இடைவேளை, வாரத்திற்கு ஒரு நாளாவது வேலையிலிருந்து முற்றிலும் விலகியிருத்தல் என அதற்கு மூன்று அடுக்குகள் உண்டு. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இரவில் நன்றாக உறங்கியவருக்கும் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்தால் கால் வீங்கும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படுத்திருந்தாலும் வார நாள்களில் விட்ட உறக்கத்தின் விளைவுகள் முழுமையாக நீங்குவதில்லை.

உறங்கும் உடல் செய்யும் வேலை

உறக்கத்தை இரண்டு ஏற்பாடுகள் கட்டுப்படுத்துகின்றன. முதலாவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஏறிக்கொண்டே போகும் உறக்க அழுத்தம். மூளைச் செல்கள் ஆற்றலைச் செலவிடும்போது அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்கிறது. அது சேரச்சேர உறக்க உணர்வு கூடுகிறது. உறங்கும்போது அதன் அளவு குறைகிறது. காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபின், அடினோசின் சென்று பொருந்த வேண்டிய இடங்களை அடைத்துக்கொள்வதால், களைப்பு நீங்கியது போன்ற உணர்வு மட்டும் உண்டாகிறது; சேர்ந்த அடினோசினோ அப்படியே இருக்கிறது. உடலில் புகுந்த காஃபினில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆவதால், மாலை 6 மணிக்குக் குடித்த காபியிலுள்ள காஃபினில் பாதி இரவு 11 மணிக்கும் இரத்தத்தில் இருக்கக்கூடும்.

இரண்டாவது ஏற்பாடு உடற்கடிகாரம். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதாலமஸில் அமைந்த ஒரு சிறு நரம்புக் கூட்டம், கண்வழி வரும் ஒளியைக் கொண்டு பகல் இரவை அறிந்து, உடல் வெப்பம், இரத்த அழுத்தம், இயக்குநீர்ச் சுரப்பு ஆகியவற்றை ஏறக்குறைய 24 மணி நேரச் சுழற்சியில் நடத்துகிறது. இருட்டத் தொடங்கியதும் மெலடோனின் என்னும் இயக்குநீர் சுரந்து, உறங்கும் வேளை நெருங்குவதை உடலுக்கு உணர்த்துகிறது. இரவில் கண்ணருகே இருக்கும் ஒளித்திரை அச்சுரப்பைத் தாமதப்படுத்துகிறது. பழ ஈக்களைக் கொண்டு இக்கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உறங்கிய பின் மூளை ஒரே நிலையில் இருப்பதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும், கண்விழிகள் மூடிய இமைக்குள் விரைந்து அசையும் ஒரு கட்டம் உறக்கத்தில் மீண்டும் மீண்டும் வருவதை 1953இல் வெளியிட்டனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் தோன்றும் இக்கட்டத்தைக் கனவுறக்கம் எனலாம். இலேசான உறக்கம், ஆழுறக்கம், கனவுறக்கம் என்னும் வரிசை ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்ப நிகழ்கிறது. இரவின் முற்பகுதியில் ஆழுறக்கமும் பிற்பகுதியில் கனவுறக்கமும் மிகுதியாக இருப்பதால், வழக்கமான நேரத்திற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக எழுந்துவிடுபவர் இழப்பது மொத்த உறக்கத்தின் ஒரு பங்கை மட்டும் அன்று. கனவுறக்கத்தின் கணிசமான பகுதியையும் அவர் இழக்க நேர்கிறது.

இக்கட்டங்களில் நடப்பவை பல. ஆழுறக்கத்தில் வளர்ச்சி இயக்குநீர் மிகுதியாகச் சுரந்து திசுக்களைப் பழுதுபார்க்க உதவுகிறது. இரத்த அழுத்தம் பகலில் இருந்ததைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை தாழ்ந்து, இதயத்திற்கும் இரத்தக் குழாய்களுக்கும் இளைப்பாறுதல் தருகிறது. பகலில் கற்றவை உறக்கத்தின்போது வலுப்பெற்று நிலையான நினைவுகளாகின்றன. மூளையின் கழிவுகளை அகற்றும் நீரோட்டம் உறங்கும்போது கூடுவதாக, மைக்கேன் நெடர்கார்டு தலைமையிலான குழு எலிகளிடம் நடத்திய ஆய்வின் அடிப்படையில் 2013இல் அறிவித்தது. அதன் செயல்முறை பற்றிய விவாதம் அறிவியலாளரிடையே தொடர்கிறது. உறக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் கிரெலின் கூடி, நிறைவுணர்வு தரும் லெப்டின் குறைவதையும், இன்சுலின் தன் வேலையைச் செய்யும் திறன் தாழ்வதையும் ஆய்வுகள் கண்டுள்ளன. சர்க்கரை நோய் பரவலாகிவிட்ட ஒரு சமூகம் உணவுக் கட்டுப்பாட்டுக்குத் தரும் கவனத்தில் ஒரு பங்கையாவது உறக்கத்திற்கும் தர வேண்டியதன் காரணம் இதுவே. அமெரிக்க இதயச் சங்கம் இதய நலத்திற்கான தன் அளவுகோல்களில், உணவு, உடலியக்கம், புகையிலை தவிர்த்தல் முதலியவற்றோடு உறக்கத்தையும் 2022இல் எட்டாவதாகச் சேர்த்தது.

உணரப்படாத பற்றாக்குறை

வளர்ந்தவர்களுக்கு நாள்தோறும் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை என்பது உறக்க மருத்துவ அமைப்புகளின் பரிந்துரை. இதைவிடக் குறைவாக உறங்கியும் தமக்கு ஒரு குறையும் இல்லை என்று கூறுவோர் பலர். அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவர்களின் உணர்வு அவர்களை ஏமாற்றுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில், 14 நாள்கள் தொடர்ந்து இரவுக்கு 6 மணி நேரம் மட்டும் உறங்க விடப்பட்டவர்களின் கவனத்திறன், இரண்டு இரவுகள் வரை முற்றிலும் உறங்காதவரின் அளவுக்குத் தாழ்ந்தது. அவர்களோ தங்கள் களைப்பு அந்த அளவுக்கு ஏறியதாக உணரவில்லை. உறக்கக் குறைவு, அதை அளந்து சொல்ல வேண்டிய அறிவையே முதலில் மங்கச் செய்துவிடுவதால், சமாளித்துவிடலாம் என்ற துணிவை நம்பி ஓய்வைக் குறைப்பது பாதுகாப்பானதன்று.

வாகனம் ஓட்டுவோரிடம் இதன் விளைவு உயிர்ப் பிரச்சினையாகிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் திறனுக்கு ஒப்பாகத் தாழ்கிறது என்று 1997இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இந்தியாவில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் விதித்துள்ள மது வரம்பு 0.03 விழுக்காடு என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், இரவெல்லாம் கண்விழித்து நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவதன் ஆபத்து விளங்கும். மது அருந்தியவரைக் கண்டுபிடிக்கச் சாலையோரத்தில் கருவி உண்டு. உறக்கம் இழந்தவரைக் கண்டுபிடிக்க அப்படியொரு எளிய வழி இல்லை.

விழிப்பில் கிடைக்கும் ஓய்வு

மனிதரின் விருப்பத்தைக் கேளாமலே இதயத்தையும் குடலையும் இயக்கும் நரம்பு மண்டலத்திற்கு இரு பிரிவுகள் உண்டு. பரிவு நரம்புகள் ஆபத்தையோ அவசரத்தையோ எதிர்கொள்ள இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகள் அவற்றைத் தணித்துச் செரிமானத்தையும் சீரமைப்பையும் நடத்துகின்றன. பகல் முழுவதும் அவசரத்திலேயே கழிந்தால், கார்டிசால் முதலிய அழுத்த இயக்குநீர்கள் தணிய வாய்ப்பின்றி, நாளடைவில் இரத்த அழுத்தம், எரிச்சல், உறக்கமின்மை ஆகியவற்றுக்கு வழி ஏற்படுகிறது. மணிக்கு ஒருமுறை எழுந்து சில நிமிடங்கள் நடப்பதும், திரையிலிருந்து பார்வையை அகற்றித் தொலைவில் செலுத்துவதும், மூச்சை மெல்ல நீட்டி விடுவதும் எதிர்ப்பரிவு நரம்புகளுக்கு இடம் கொடுக்கும் எளிய வழிகளாகும்.

வேலை நேரம் முடிந்தும் வேலை மனத்தைவிட்டுப் போகாதிருப்பது இக்காலத்தின் தனித் தொல்லை. பணி நேரத்திற்குப் பின் வேலையைப் பற்றிய எண்ணங்களிலிருந்து மனம் விலகியிருப்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜெர்மானிய உளவியலாளர் சபினே சொன்னென்டாக், அவ்வாறு விலகியிருக்க முடிந்தவர்களிடம் சோர்வு குறைவாக இருப்பதைக் காட்டியுள்ளார். வீட்டுக்கு வந்த பிறகும் அலுவலக வாட்ஸ்அப் குழு ஒலித்துக்கொண்டே இருந்தால், உடல் நாற்காலியில் சாய்ந்திருந்தாலும் மனம் பணியிடத்திலேயே இருக்கிறது. கைபேசியில் காணொளிகளைத் தள்ளிக்கொண்டே போவதும் ஓய்வாகக் கருதப்படுகிறது. ஆனால் நொடிக்கு நொடி கவனத்தை இழுக்கும் அச்செயல், மனத்திற்கு ஒரு வேலையை மாற்றி மற்றொரு வேலையைக் கொடுப்பதாகவே முடிகிறது. நீங்காத பணி அழுத்தத்தால் ஆற்றல் வற்றி, வேலையின் மீது வெறுப்பு மிகுந்து, செயல்திறன் குன்றும் நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில், நோயாக அல்லாமல், பணி சார்ந்த நிலையாக வரையறுத்தது. பணியிலிருந்து தோன்றுவதாக அது வரையறுக்கப்பட்டிருப்பதால், தீர்வையும் தனிமனிதரின் தியானப் பயிற்சியில் மட்டும் தேட இயலாது.

போராடிப் பெற்ற இடைவேளைகள்

ஓய்வு நேரம் இயல்பாகக் கிடைத்ததில்லை என்பதற்கு இந்தியத் தொழிலாளர் வரலாறே சான்று. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு வார விடுமுறை இல்லாதிருந்த காலத்தில், நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் நடந்த இயக்கத்தின் பயனாக 1890இல் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை ஆலை முதலாளிகள் ஏற்றனர். மறு ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறைக்கு இடமளித்தது. சென்னை பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918இல் சென்னைத் தொழிற்சங்கம் உருவானபோது முன்வைக்கப்பட்ட குறைகளுள், நண்பகல் உணவு இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை கேட்டு நடந்த போராட்டங்களின் நினைவாகவே அந்நாள் உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேரம் என்ற வரம்பையும், ஐந்து மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேர இடைவேளை தர வேண்டும் என்ற விதியையும், வார விடுமுறையையும் வகுத்தது. அதே ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் பிரிவு, ஓய்வையும் வேலை நேர வரம்பையும் மனித உரிமையாக அறிவித்தது.

இவ்வரலாறு முடிந்துபோனதன்று. ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்ற எழுதாத விதியால், விற்பனைப் பணியாளர்கள், குறிப்பாகப் பெண்கள், நாளெல்லாம் நின்றே பணியாற்ற வேண்டியிருந்தது. நெடுநேரம் நிற்கும்போது காலின் இரத்தம் இதயத்திற்கு ஏறுவது தடைப்பட்டு, இரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருளும் வெரிகோஸ் நோயும், கால் வீக்கமும், இடுப்பு வலியும் வரக்கூடும். கோழிக்கோட்டில் பெண் பணியாளர்கள் நடத்திய போராட்டத்தைத் தொடர்ந்து கேரளம் 2018இல் இருக்கை வசதிக்காகத் தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல், 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்து, பணியாளர் எல்லோருக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்று விதித்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டது என்ற செய்தியே, ஓய்வு எந்த அளவுக்குப் பிறர் அனுமதியைச் சார்ந்திருக்கிறது என்பதை விளக்குகிறது. வேலை நாளை 12 மணி நேரம் வரை நீட்டிக்க இடமளிக்கும் திருத்த முன்வரைவு 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்களும் அரசின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்ததால், அது நிறுத்திவைக்கப்பட்டு மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது.

நீண்ட வேலை நேரத்தின் விலையை உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாக மதிப்பிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், மாரடைப்பு முதலிய இதயக் குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் மிகுதி என்றும், 2016இல் மட்டும் இக்காரணத்தால் உலகெங்கும் ஏறக்குறைய 7,45,000 பேர் இறந்தனர் என்றும் அம்மதிப்பீடு கூறுகிறது. நூற்பாலைகள், மருத்துவமனைகள், கணினி நிறுவனங்கள் ஆகியவற்றில் இரவு ஷிஃப்டில் பணியாற்றுவோருக்கு மற்றொரு சுமையும் உண்டு: பகலில் படுத்தாலும் உடற்கடிகாரம் விழிப்பை நோக்கி இழுப்பதால், உறக்கம் குறைந்தும் கலைந்தும் போகிறது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை இரவுப் பணியைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் 2007இல் சேர்த்து, 2019இல் அதை உறுதிசெய்தது.

வெயிலில் உழைப்போருக்கு இடைவேளை உயிர்காப்பாகும். உடல் உழைக்கும்போது உள்ளிருந்தே வெப்பம் எழுவதால், நிழலும் நீரும் ஓய்வும் இல்லாத நிலையில் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி, வெப்பத் தாக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் நேரலாம். தமிழர் பலர் பணியாற்றும் வளைகுடா நாடுகளில் இதற்கெனச் சட்டமே உண்டு. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்கு 2021 முதல் தடை உள்ளது.

வீட்டுக்குள் ஓய்வு யாருக்கு?

சட்டம் எட்டாத பணியிடம் வீடு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் அதற்கு நாள்தோறும் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிட்டனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். ஈடுபடுவோர் விகிதத்திலும் இடைவெளி பெரிது: ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 81.2 விழுக்காட்டினர் இவ்வேலையைச் செய்ய, ஆண்களில் 26.1 விழுக்காட்டினரே செய்தனர். வெளியே சம்பளத்திற்கு உழைத்துவிட்டு வரும் பெண்ணுக்கு வீட்டு வாசல் இரண்டாவது பணியிடத்தின் வாசலாகிறது. குடும்பத்தினர் எல்லோரும் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளிலோ பண்டிகை நாளிலோ சமையலும் பாத்திரமும் கூடுவதால், மற்றவர்களின் ஓய்வே அவருடைய வேலையாகிவிடுகிறது. எல்லோரும் உண்ட பிறகு உண்டு, எல்லோரும் உறங்கிய பிறகு உறங்கி, எல்லோருக்கும் முன் எழுபவரிடம் ஓய்வெடுக்கும்படி அறிவுரை சொல்வது பயன் தராது. இட்லி மாவு அரைப்பதிலிருந்து மருந்து வாங்குவது வரை வேலைகளைப் பெயர் குறித்துப் பங்கிட்டுக்கொள்வதும், வாரத்தில் ஒரு வேளையாவது அடுப்படிப் பொறுப்பை அவரிடமிருந்து முழுவதுமாக எடுத்துக்கொள்வதுமே அந்த ஓய்வை உண்டாக்கும்.

பிள்ளைகளின் நிலையும் கவனிக்கத்தக்கது. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறங்க வேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. பதின்பருவத்தில் உடற்கடிகாரம் இயல்பாகவே பிந்திய நேரத்திற்கு நகர்வதால், அவ்வயதினருக்கு இரவில் உறக்கம் தாமதமாகவே வருகிறது. விடியற்காலை டியூஷன், பகலில் பள்ளி, மாலையில் நுழைவுத் தேர்வுப் பயிற்சி என்று நாளை நிரப்பிவிட்டால், படித்ததை நினைவில் நிறுத்தும் உறக்கமே குறைந்து, படிப்பு நேரம் கூடியும் பயன் கூடாமல் போகும்.

அன்றாடத்தில் ஓய்வை அமைத்தல்

தனிமனிதர் கைக்கொள்ளத்தக்க முறைகளுள் முதன்மையானது, விடுமுறை நாளிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுவது. எழும் நேரம் நிலையாக இருந்து, காலை வெயில் கண்ணில் பட்டால், உடற்கடிகாரம் ஒழுங்குபட்டு, இரவில் உறக்கம் தானாகவே நேரத்திற்கு வரத் தொடங்கும். பிற்பகலுக்குப் பின் காபியையும் தேநீரையும் குறைப்பதும், இரவு உணவைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னரே முடிப்பதும், கைபேசியைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதும், அறையை இருட்டாகவும் காற்றோட்டமாகவும் வைத்திருப்பதும் துணை செய்யும். பகலில் கண்ணயர விரும்புவோர், 3 மணிக்கு முன் 20 முதல் 30 நிமிடங்களுக்குள் முடித்துக்கொண்டால், ஆழுறக்கத்தில் நுழையாமல் எழுவதால் மந்தமும் இராது, இரவு உறக்கமும் கெடாது. படுத்தும் உறக்கம் வராதவர், படுக்கையிலேயே புரண்டு கடிகாரத்தைப் பார்ப்பதைவிட, எழுந்து மங்கிய ஒளியில் அமைதியான எதையேனும் செய்துவிட்டு, உறக்கம் வரும்போது மீண்டும் படுப்பது நல்லது.

நிறுவனங்கள் செய்ய வேண்டியவை இதைவிட முக்கியமானவை. பணி முடிந்த பின் செய்தி அனுப்பாதிருத்தல், ஒரு ஷிஃப்டுக்கும் அடுத்ததற்கும் இடையே முழு உறக்கத்திற்குப் போதிய நேரம் விடுதல், விடுப்பு கேட்பவரைக் குற்றவாளியாக்காதிருத்தல் ஆகியவை செலவில்லாத சீர்திருத்தங்கள். பணி நேரத்திற்குப் பின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இல் சட்டமாகவே நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ஓய்வு எல்லாக் களைப்பையும் தீர்த்துவிடும் என்று கருதிவிடவும் கூடாது. போதிய நேரம் உறங்கியும் காலையில் களைப்போடே எழுபவர், காரணத்தை மருத்துவரிடம் தேட வேண்டும். பலத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று நின்று வருவது, உறக்கத்தின்போது தொண்டையின் காற்றுவழி அடைபடும் நோயாக இருக்கலாம். அது சிகிச்சையின்றி விடப்பட்டால் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தசோகை உள்ளவர்களின் அசதிக்கு ஓய்வோடு இரும்புச்சத்தும் தேவை. தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், மனச்சோர்வு ஆகியவையும் களைப்பாகவே முதலில் வெளிப்படக்கூடும். பல வாரங்கள் தொடரும் உறக்கமின்மைக்கு, பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் உளவியல் சிகிச்சையே முதல் தேர்வாக மருத்துவ வழிகாட்டுதல்களில் பரிந்துரைக்கப்படுகிறது. உறக்க மாத்திரையை மருந்துக் கடையில் தாமாக வாங்கி விழுங்குவது தீங்கு தரும்.

ஓய்வின் தேவையை இன்று எவரும் மறுத்துப் பேசுவதில்லை. சிக்கல் அதற்கு முன்னுரிமை தருவதில்தான் இருக்கிறது. ஒரு வீட்டிலோ நிறுவனத்திலோ ஓய்வுக்கு உண்மையில் என்ன மதிப்பு என்பதை, அங்கே அதைப் பற்றிப் பேசப்படுவதைக் கொண்டு அறிய முடியாது. அவசரம் ஏற்படும் நாளில் முதலில் எது குறைக்கப்படுகிறது, அது எப்போதும் ஒரே ஆளுடைய ஓய்வாகவே இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையே அதை உணர்த்தும்.